வாசிக்கக் கேட்டவர்களின் ஊர்

ஜாசினுக்கு அப்பாலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரக்காட்டு வேலை முடிந்து, குளித்து, உலையிறக்கி, லயத்து வாசலில் வந்து உட்கார்ந்த ஏழெட்டுப் பேருக்கு நடுவே, மண்ணெண்ணெய் விளக்கை முழங்காலோரம் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் பழசாகிப்போன பத்திரிகையை ஒரு சிறுவன் உரக்க வாசிக்கும் காட்சியை, மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி வாசித்த சிறுவர்களில் நானும் ஒருவன். அச்சு மை ஊறிப் பரவிய அந்த மட்டக் காகிதத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அழிந்து, 'பட்டணம்' என்பது 'படடணம' என்று நிற்கும். நான் எழுத்தை எழுத்தாய்ப் பற்றிக்கொண்டு தடுமாறுகிறபோது, ஓர் எழுத்தும் அறியாத என் அப்பாயி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பட்டணம்னு படி சாமி" என்று திருத்துவாள். கண் தவறவிட்டதைக் காது பிடித்துக் கொடுத்த அந்தக் கணத்தின் பொருள் அக்காலத்தில் எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் இணையப்பக்கம் அமைத்துத் தரும் இளைஞர்களோடு பழகி, எழுத்துரு, வரியிடைவெளி, திரைவாசிப்பான் என்று அவர்கள் பேசும் விஷயங்களைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், அவர்கள் திரையில் தேடுகிற விடையின் சரித்திரம் நம் லயத்து வாசலிலும் அதற்கு முற்பட்ட மலாக்காப் பட்டணத்துக் கடைவீதியிலும் கிடக்கிறது என்று தோன்றிற்று.

மலாக்காவில் தமிழெழுத்து ரப்பரோடு வந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரில் பிறந்தவரும், நவீன மலாய் உரைநடைக்குத் தந்தையென்று போற்றப்படுகிறவருமான முன்ஷி அப்துல்லா, யெமன் தேசத்து அரபியர் ஒருவர் நாகூரில் மணம் புரிந்து உண்டான வம்சத்தில் வந்தவர்; தம் சுயசரிதமான 'ஹிகாயத் அப்துல்லா'வில், தாம் இரண்டரை வருஷம் தமிழ் படித்ததையும், மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமென்பதையும், கணக்கு வழக்குக்கும் வர்த்தகர்களோடு பேசுவதற்கும் அது வேண்டியிருந்தது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். மலாய் வீட்டுப் பிள்ளை கணக்கெழுதத் தமிழ் கற்ற ஊர் இது. 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் ஒரே வீதியில் சில அடி தூரத்தில் இன்றும் நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு, அந்த வர்த்தக சமூகத்தின் செல்வாக்கு எத்தகையதென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆலயத்தை எழுப்பிய மலாக்காச் செட்டி சமூகத்தாரின் வீட்டுமொழி தலைமுறைகளினூடே மலாயாகிவிட்டது. நெற்றியில் விபூதியும் வாசலில் மாவிலைத் தோரணமும் நிலைத்திருக்க, எழுத்து மட்டும் கைவிட்டுப் போயிற்று. எழுத்து எவ்வளவு பழமையுடையதாயினும், வாசிக்க ஓர் அன்றாடக் காரியம் இல்லாத வீட்டில் அது தங்குவதில்லை என்பதை நான் அவர்கள் வாழும் கம்போங் செட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் எண்ணிக்கொள்வதுண்டு.

அப்துல்லா கற்ற காலத்துத் தமிழெழுத்து வாசகனிடம் பெரும் பிரயாசையைக் கோரியது. ஓலையில் எழுத்தாணியால் கீறுகிறவன் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே விட்டுவிடுவான். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவபேதம் கிடையாது. எகர ஒகரங்கள் குறிலா நெடிலா என்பதும் கீறலைப் பார்த்துத் தெரியாது. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறதென்று காட்டும் வெற்றிடமும் இல்லை. ஆகவே ஓலையை வாசித்தல் என்பது உண்மையில் பாதி பார்வையும் பாதி ஞாபகமுமாக இருந்தது. பாடம் ஏற்கெனவே காதில் இருந்தவனுக்கே ஓலை பேசும். மற்றவனுக்கு அது ஊமை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகார நெடில்களுக்குத் தனி வடிவம் காட்டியதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் பதிப்புகளில் கால்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகளைப் புகுத்தியதையும் நாம் இலக்கணத் தொண்டு, பதிப்புத் தொண்டு என்று மட்டும் புகழ்கிறோம். என் அபிப்பிராயத்தில், பாடத்தை முன்பே கேட்டறியாத ஒரு புதியவனும் எழுத்தைப் பார்த்து வாசிக்கும்படி கதவைத் திறந்துவிட்ட ஜீவகாருண்யச் செயல்கள் அவை.

அச்சின் ஆதிக்கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கத்தில் வெளிவந்ததும், தரங்கம்பாடியில் ஸீகன்பால்கு 1713இல் அச்சகம் தொடங்கியதும் தமிழ் வாசகர் அறிந்தவை. ஆனால் தரங்கம்பாடிக் கதையில் ஒரு நுணுக்கம் என் மனத்தை விட்டு அகல்வதில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழெழுத்துக்கள் மிகப் பெரியவையாயிருந்து, காகிதத்தை விழுங்கின; காகிதமோ கப்பலில் வர வேண்டிய அருமையான பண்டம்; ஆகவே பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். எழுத்தின் அளவை நிர்ணயித்தது வாசகனின் கண்ணன்று, காகிதத்தின் விலை. இந்தப் பழைய தர்மசங்கடம் அச்சுக்கூடத்தை விட்டு எந்நாளும் அகலவில்லை.

அச்சுக்கலைக்கு மலாக்காவில் ஒரு தனி இடமும் உண்டு. லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த வில்லியம் மில்ன் 1815இல் இங்கு வந்து சீன மொழியில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். 1817இல் அச்சுத்தொழில் அறிந்த மெட்ஹர்ஸ்ட் வந்து சேர்ந்தார். மறுவருஷம் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அந்த அச்சகத்தில்தான் அப்துல்லா எழுத்துக் கோக்கக் கற்றார். ஈய எழுத்தின் நுட்பமறிந்த அவருடைய சுயசரிதம் 1849இல் சிங்கப்பூரில் வெளிவந்தபோது, ஈய எழுத்தில் கோக்கப்படாமல், கையால் எழுதிய பக்கத்தைக் கல்லில் பதித்து எடுக்கும் கல்லச்சு முறையில் அச்சாயிற்று. கையெழுத்துச் சுவடிகளில் பழகிய மலாய் வாசகர்களின் கண்ணுக்கு அந்தப் பக்கம் அந்நியமாகத் தோன்றியிராது. புதிய யந்திரம் கையிலிருந்தும், வாசகனின் பழக்கத்துக்கு இசைந்த உருவத்தில் ஒரு பெரிய நூல் வெளிவந்த இந்தச் செய்தியை, புதுமை கண்ட இடமெல்லாம் ஓடுகிற இன்றைய வடிவமைப்பாளர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

பினாங்கில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பைத் தொடர்ந்து, 1850இல் மலாக்காவிலும் ஓர் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளி ஏற்பட்டது. ஆனால் பட்டணத்துத் தமிழ் வேறு, தோட்டத்துத் தமிழ் வேறு. மரவள்ளி பயிரிட்டுக்கொண்டிருந்த மலாக்காவில், தான் சே யான் என்னும் சீனப் பிரமுகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வர்த்தகப் பயிராக நட்டார். மலாயாவில் அவ்வாறு முதலில் நட்டவர் அவரே. அதற்குப்பின் புக்கிட் அசகான் முதலிய இடங்களில் காடு அழிந்து தோட்டங்கள் எழும்ப, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஜனங்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு எழுதிக்கொள்ளும் செக்ரோல் புஸ்தகம், தோட்டத்து எழுத்தரான கிராணியின் ஆங்கிலத்தில் இருந்தது. எத்தனை நாள் வேலை பதிந்திருக்கிறது, எத்தனை நாள் விடுபட்டிருக்கிறது என்பதைத் தானே பார்த்தறிய அந்த வேலைக்காரனால் இயலாது. சம்பளத்தன்று கைநாட்டு வைத்துவிட்டு, கையில் விழுந்த வெள்ளியை எண்ணிக்கொண்டு நடப்பான். தன் உழைப்பின் கணக்கே தனக்கு வாசிக்க முடியாத எழுத்தில் இருப்பதைவிட ஒரு மனிதனுக்கு நேரும் அவமதிப்பு வேறென்ன இருக்கிறது என்று எண்ணும்போது இன்றைக்கும் என் நெஞ்சு கனக்கிறது.

சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' போன்ற ஆரம்பகாலப் பத்திரிகைகள் பட்டணத்து வர்த்தகர்களின் கைக்குச் சென்றிருக்கும். தோட்டத்து வாசலை எட்டியவை, கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேச'னும், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முர'சுமே. ஒரு பிரதி வந்தால் ஒரு லயமே அதைக் கேட்டது. வாசிக்கத் தெரிந்தவன் வாசிப்பான். மற்றவர்கள் நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். மரண அறிவித்தல் வந்தால் இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார்கள். விளம்பரத்தைக்கூட விடாமல் வாசிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகல் வசதி என்று இன்று சட்டத்திலும் சாஸ்திரத்திலும் பேசப்படும் விஷயத்தை, அப்பெயர் தெரியாமலே, எங்கள் லயத்து ஜனங்கள் ஒரு சிறுவனின் தொண்டையைக் கொண்டு சாதித்துக்கொண்டார்கள்.

இந்த மலாயா மண்ணில் வாழ்ந்த ஒருவர் தமிழெழுத்துக்குச் செய்த காரியத்தை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா 1907இல் மலாயாவுக்கு வந்து, ஐல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்னும் வர்த்தக ஸ்தாபனத்தில் 1930 வரை உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத்தில் கடிதங்கள் தட்டச்சில் சரசரவென்று பிறப்பதை நாள்தோறும் பார்த்த அவருக்கு, தமிழுக்கு அப்படியொரு யந்திரம் இல்லையே என்ற குறை உண்டாயிற்று. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அடக்குவது எப்படி? எழுத்துக்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனி விசை வைத்தார். மேலே அமரும் புள்ளிக்கும், இகரக் குறியான விசிறிக்கும் அவர் கண்ட உபாயமே அந்த யந்திரத்தின் உயிர்நிலை. தட்டினால் எழுத்தைப் பதிக்கும், ஆனால் உருளையை நகர்த்தாது. அதற்கு நகரா விசை என்று பெயர். 'க்' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் நகரா விசையைத் தட்டி வெற்றிடத்தின் தலையில் புள்ளியை வைத்துவிட்டு, பிறகு ககரத்தைத் தட்டி அப்புள்ளியின் கீழ் அதைக் கொண்டு நிறுத்த வேண்டும். ஜெர்மனியின் ஸைடல்-நௌமன் கம்பெனி அந்த யந்திரத்தைச் செய்து கொடுத்தது.

அந்த யந்திரத்தில் ஒருவர் தட்டச்சு அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். 'கெ' என்ற எழுத்துக்கு வாய் முதலில் ககரத்தைத் தொட்டு, அப்புறமே எகரத்துக்குப் போகிறது. யந்திரமோ முதலில் கொம்பைப் பதித்து, பிறகு ககரத்தைப் பதிக்கிறது. 'கொ' என்றாலோ கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு. கண்ணுக்கு இடமிருந்து வலமாகத் தெரிகிற வரிசை ஒன்று. காதுக்குக் கேட்கிற வரிசை வேறொன்று. ஓலைக்காரனும் ஈய எழுத்துக் கோத்தவனும் முத்தையாவும் கண்ணின் வரிசையைப் பின்பற்றினார்கள். அவர்கள் காலத்துக் கருவிக்கு வேறு மார்க்கமில்லை. இந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையிலுள்ள பேதம் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கப் போகிறதென்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகே தெரிந்தது.

அதற்கிடையில் எழுத்தின் உருவமே மாறிற்று. 1929ஆம் வருஷக் கடைசியில் மலாயாவுக்கு வந்து சென்ற பெரியார், 1935 ஜனவரியில் 'குடி அரசு' பத்திரிகையில் ணா, றா, னா முதலியவற்றையும், லை, ளை, ணை, னை என்பவற்றையும் மற்ற எழுத்துக்களைப்போலவே கால் சேர்த்தும் ஐகாரக் கொம்பு சேர்த்தும் அச்சிடத் தொடங்கினார். பதின்மூன்று எழுத்து இவ்வாறு சீர்ப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் அதை ஆணையாக்கியது. சிங்கப்பூரும் நம் நாடும் அதைப் பின்தொடர்ந்தன. மலாக்காப் பட்டணத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்த ஒரு சிறிய அச்சகத்தில், எழுத்துக் கோப்பவரின் பக்கத்தில் நான் பல மத்தியானங்கள் நின்றிருக்கிறேன். நூற்றுக்கணக்கான சிறு அறைகள் கொண்ட மரத்தட்டில், பாராமலே கையைப் போட்டு எழுத்தை எடுப்பார். வரிக்கும் வரிக்கும் இடையே மெல்லிய ஈயத் தகடு ஒன்றைச் செருகுவார். "மேல விசிறி இருக்கு, கீழ உகரத்து வால் இருக்கு, தகடு வைக்கலைன்னா ரெண்டும் முட்டிக்கும் தம்பி" என்பார். பழைய லைகாரத்தின் யானைத் துதிக்கை எழுத்து உள்ள அறையைச் சீர்திருத்தத்துக்குப் பின் காலி செய்தபோது, அந்தச் சிற்றெழுத்துக்களைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார். புதிய எழுத்தில் படித்து வந்த பள்ளிப்பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது மெய். ஆயினும் பழைய எழுத்தில் கண் பழகிய கிழவர்கள் சில வருஷம் பத்திரிகையைத் தூரப்பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்கள் என்பதும் மெய். எவருக்கும் நஷ்டமில்லாத எழுத்துச் சீர்திருத்தம் ஒன்று இருப்பதாக நான் அறியேன்.

ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டன; லயங்களை விட்டு ஜனங்கள் ஆயர் குரோவுக்கும் பாச்சாங்குக்கும் பத்து பிரெண்டாமுக்கும் குடிபெயர்ந்தார்கள். எழுத்தும் காகிதத்தை விட்டுத் திரைக்குக் குடிபெயர்ந்தது. இதிலும் இத்தேசத்துத் தமிழர் பின்தங்கவில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியைப் படைத்தார்; ஆப்பிள் கருவிகளில் நாம் காணும் 'தமிழ் சங்கம் எம்என்' என்ற எழுத்துருவின் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் தேசியப் பல்கலைக்கழகத்து நண்பர்களும் கவிதைகளை இணையத்தில் ஏற்றித் தமிழ்ப் பக்கத்தைக் கண்முன் நிறுத்தினார்கள்.

ஆனால் அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஒரு கபடம் ஒளிந்திருந்தது. ஆங்கில எழுத்துக்களும் ஐரோப்பியக் குறிகளும் குடியிருக்க வேண்டிய அறைகளில் தமிழெழுத்தின் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அறையின் பெயர் மாறவில்லை, சுவரில் மாட்டிய சித்திரம் மட்டும் மாறியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கேள்விக்குறியும் கொக்கியும் அந்நிய எழுத்துமாகக் குப்பை கொட்டியதுபோல் தெரியும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு அறை ஒதுக்கீடு. வரிசையும் முத்தையாவின் யந்திரத்து வரிசையே: கொம்பு முன்னே, ககரம் பின்னே. கண்ணுள்ளவன், தக்க எழுத்துருவை இறக்கிக்கொண்டு எப்படியோ வாசித்தான். கண்ணில்லாதவனுக்காக எழுத்தை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தைத் தொட்டால், சித்திரத்தைக் காணாமல் அறையின் பெயரையே கூப்பிடும். தமிழ்க் கவிதை அவன் காதில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாக விழும்.

1991இல் வெளியான யூனிகோட் என்னும் ஒருங்குறி முறை தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. அதில் வேறொரு தீர்மானமும் இருந்தது. 'கெ' என்பதைக் கணினி தன் நினைவில் வைத்துக்கொள்ளும்போது ககரத்தை முதலிலும் எகரக் கொம்பைப் பின்னாலும் வைக்கிறது; திரையில் தீட்டும்போது மட்டும் கொம்பைத் தூக்கி இடப்பக்கம் நிறுத்துகிறது. அதாவது உள்ளே காதின் வரிசை, வெளியே கண்ணின் வரிசை. ஓலைக் காலந்தொட்டுக் கண்ணின் வரிசைக்கே அடங்கி வந்த தமிழெழுத்து இவ்வாறு இரண்டுக்கும் ஒருங்கே கட்டுப்பட்டது. ஒருங்குறி எங்கும் பரவிய பிறகு, திரைவாசிப்பானுக்குத் தமிழ் வாயில் வந்தது. கண்பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் எழுத்து, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் பாரதி பிரெய்ல் என்று ஏற்படுத்தப்பட்டபோது, அதிலும் மெய் முன்னும் உயிர் பின்னுமாகக் காதின் வரிசையே கைக்கொள்ளப்பட்டிருந்ததை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். பார்வையிழந்தவர்களின் விரல் நாற்பது வருஷத்துக்கு முன்பே கண்டுவைத்த வழிக்குக் கணினி பிற்பாடு வந்து சேர்ந்தது.

மலாயாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட முதல் இல்லமும் மலாக்காவில்தான் பிறந்தது. ஆங்கிலிகன் திருச்சபையார் 1926இல் இங்கே தொடங்கிய ஸெயிண்ட் நிக்கலஸ் இல்லம் 1931இல் பினாங்குக்கு மாறிச் சென்றது. பட்டணத்தில் அந்த இல்லம் நடந்த ஐந்து வருஷமும், சில மைல் தூரத்துத் தோட்டங்களில் சிறுவர்கள் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்த காலமும் ஒன்றே என்பதை எண்ணும்போது, ஒரே ஊரின் இரண்டு தாழ்வாரங்களில் ஒரே காரியம் நடந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

உலக இணையக் கூட்டமைப்பு 1999இல் முதலில் வகுத்து, 2008 டிசம்பரில் திருத்தி விரித்த அணுகல் நெறிகளில், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேற்றுமை 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாதென்றும், எழுத்தை இரு மடங்காகப் பெருக்கினாலும் பக்கம் சிதையலாகாதென்றும் விதித்திருக்கிறார்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அந்த விகிதம் 21க்கு 1. அழகென்று கருதி வெண்மையின்மேல் வெளிறிய சாம்பல் நிறத்தில் தமிழை அச்சிடுகிற பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு லயத்து வாசலின் மங்கிய பத்திரிகையே ஞாபகம் வருகிறது. அங்கே வறுமையால் நேர்ந்தது இங்கே விரும்பிச் செய்யப்படுகிறது. ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழ் அதிகம் இழக்கும். ஆங்கில எழுத்தில் ஒரு கோடு வெளிறினாலும் சொல் நிற்கும். தமிழில் ஒரு புள்ளி வெளிறினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 2018இல் சேர்ந்த விதியொன்று, வாசகன் வரியிடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக அகற்றிக்கொண்டாலும் பக்கத்தில் எதுவும் மறையக்கூடாது என்கிறது. அந்த ஒன்றரை மடங்கு, மேலே விசிறியும் கீழே உகரத்து வாலும் உள்ள நம் எழுத்துக்கு ஆடம்பரமன்று. மலாக்காக் கல்யாணப் பத்திரிகையில் அந்த மனிதர் செருகிய ஈயத் தகடே அது.

நம் நாட்டிலும் அதே 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறித் தகவல் பெறும் உரிமையைச் சொல்லிற்று. பள்ளிக்கூடப் பக்கங்களில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் கலந்து வரும் நம் ஊருக்கு மிக அவசியமான ஒரு காரியம், எந்தப் பகுதி எந்த மொழி என்று பக்கத்தின் உள்ளே குறித்து வைப்பது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை மலாய்க் குரலில் வாசிக்க முயன்று திகைத்து நிற்கும். அதேபோல, ஒவ்வொரு செய்தியின் கீழும் 'இங்கே அழுத்தவும்' என்று மட்டும் எழுதி வைப்பதும் இடையூறே. பார்வையற்றவர் இணைப்பிலிருந்து இணைப்புக்குத் தாவித் தாவிக் கேட்பவர். அவர் காதில் 'இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும்' என்ற ஒரே கூப்பாடு விழுமேயொழிய, எங்கே போகிறோமென்பது தெரியாது. 'பள்ளிப் பதிவுப் படிவம்' என்று இரண்டு மூன்று சொல் சேர்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லாவற்றிலும் பெரிய துன்பம், எழுத்தைப் படமாக்கி ஏற்றிவிடுவது. உற்சவ அறிவிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, இரங்கற் கூட்டத்து அழைப்பு யாவும் வண்ணமயமான ஒரே படமாக வந்து விழுகின்றன. அதில் எழுத்து இருப்பதாகக் கண் நினைக்கிறது. இயந்திரத்துக்கு அது ஒரு சுவரின் புகைப்படம். 1578 முதல் நானூறு வருஷத்துக்கு மேலாக எழுத்தைத் தனித்தனியாகப் பிரித்து வார்த்தும் கோத்தும் வரிசைப்படுத்தியும் வந்த பாடெல்லாம், மீண்டும் ஒரு கல்லச்சுப் பலகைக்குள் புகுந்து உறைந்துபோகிறது.

மெர்லிமாவில் இருக்கும் என் அத்தைக்கு எண்பது கடந்துவிட்டது. தோட்டத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் சென்று எழுத்தறிந்த பெண்களில் ஒருத்தி. எனக்கு முன்னால் அப்பாயிக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியவளும் அவளே. சர்க்கரை வியாதியால் பார்வை மங்கிப் போய், இப்போது கைபேசி வாசிக்கக் கேட்கிறாள். சென்ற மாசி மாதத்தில், பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங்கிலுள்ள சன்னாசிமலைக்கு வெள்ளி ரதம் புறப்படும் மாசி மகத்து நிகழ்ச்சி நிரல் யாரோ அனுப்பிய படமாக அவளுடைய கைபேசிக்கு வந்திருந்தது. விரலால் தொட்டால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அது மௌனமாயிற்று. அவள் முகத்தில் தெரிந்தது கோபமன்று; வாசலில் வந்த விருந்தாளி பேசாமல் திரும்பிப் போனது போன்ற ஏமாற்றம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்திலிருந்த வாசகம் முழுவதையும், பூஜை நேரம், ரதம் புறப்படும் நேரம், ஒவ்வொரு வீதியின் பெயர் என்று ஒன்றும் விடாமல் எழுத்தாகத் தட்டி அவளுக்கு அனுப்பினேன். கைபேசி வாசிக்கத் தொடங்கியது. அத்தை தலையைச் சற்றே சாய்த்து, விரல்களை முழங்காலில் வைத்துக் கணக்குப் போடுகிறவள்போல் மடக்கிக்கொண்டு, கடைசிவரை கேட்டாள்.

"ரதம் கிளம்பற நேரத்த மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொல்லு சாமி" என்றாள்.